தொண்ணூற்றாறாம் பக்கம்

உயிரோடு இருக்கிற ஒரு மனிதர் தன் சாவுச் சேதியைத் தானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார் என்றால் நம்புவீர்களா? பழைய பேப்பர் கிடங்கின் மிஷின்காரர் கொடுத்தார். மகளுடைய கல்யாணப் பத்திரிகை அது. மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் வரவேண்டிய ‘காலஞ்சென்ற’ என்ற சொல், அச்சகத்தில் ஒரு வரி இறங்கி, பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அப்போது அவருக்கு எழுத்து தெரியாது. முகமெல்லாம் பல்லாக, இரண்டு கையாலும் நீட்டினார். "அவசியம் குடும்பத்தோட வந்துடணும்." வாங்கியவர்கள் பத்திரிகையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடியும் பத்திரிகையைப் பார்த்தார்கள். ஒருத்தர் மட்டும் மெல்லக் கேட்டார்: "உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் காலஞ்சென்றவர்.

மூன்றாம் நாள்தான் மகள் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்து ஓவென்று அழுதாள். அதற்குள் நூற்றைம்பது வீடு முடிந்திருந்தது. அச்சடித்து வாங்கி வந்தது அவர் மனைவியின் அண்ணன், கிடங்கு லாரியை ஓட்டுகிற மச்சான். "வரிக்கு வரி படிச்சுப் பாத்துட்டேன் மாப்ள, ஒரு புள்ளி தப்பு கிடையாது" என்று சொல்லித்தான் கட்டைக் கொடுத்திருந்தார். மனைவி ஐந்தாவது வரை படித்தவள். அவள் அட்டையை மட்டும் பார்த்தாள். அட்டையில் ஜோடிப் பெயர் பொன் எழுத்தில் ஜொலித்தது. நன்றாக இருக்கிறது என்றாள்.

அவள் அட்டையை மட்டும் பார்த்ததில் ஆச்சரியமில்லை. கிடங்கில் அவள் வேலையே அதுதான். தகரக் கூரைக்குக் கீழே மலைமலையாகக் காகிதம் வந்து விழும். பெண்கள் பலகை போட்டு உட்கார்ந்து வெள்ளைத்தாள் வேறு, செய்தித்தாள் வேறு, நோட்டு வேறு என்று பிரிப்பார்கள். புத்தகம் வந்தால் அவளிடம் போகும். அட்டை கெட்டிச்சரக்கு, உள்தாள் வேறு சரக்கு. இரண்டும் ஒரே கட்டில் போகக்கூடாது. அவள் புத்தகத்தை முழங்காலுக்கு அடியில் வைத்து, இடது கையால் அழுத்தி, வலது கையால் ஒரே இழுப்பு. அட்டையும், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர் போட்ட முதல் தாளும் கையோடு வந்துவிடும். தூக்கிப் போடுமுன் பெயரை ஒருமுறை வாய்க்குள் படித்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால், "போற உசிரு, ஒரு தடவ பேரு சொல்லிக் கூப்பிட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்பாள். எல்லோரும் அவளை அட்டையக்கா என்றார்கள். ஒட்டினால் விடமாட்டாள் என்பதற்கும் அதே பெயர் பொருந்தியது.

உரித்த உடம்புகள் அவள் புருஷனிடம் வரும். அவர் அவற்றை இரும்புத் தொட்டியில் கொட்டி, அமுக்குப் பலகையை இறக்கி, கம்பி கட்டி, ஆள் உயரக் கட்டுகளாக வெளியே தள்ளுவார். இருபத்தாறு வருஷமாகக் காகிதத்தை அமுக்கியவருக்கு ஒரே ஒரு காகிதம் அமுக்கிவிட்டதே என்று ஆத்திரம் வந்தது. கல்யாணம் முடிந்த மறுவாரமே, தொழிற்சங்க அலுவலக மாடியில் நடந்த மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தார். அப்போது வயது நாற்பத்தொன்பது.

எழுத்து அவரைச் சும்மா விடவில்லை. தோளில் நூறு கிலோ ஏற்றினாலும் அசையாதவரை ‘ண’வின் மூன்று சுழி தள்ளாட வைத்தது. இரண்டு சுழிக்காரன், மூன்று சுழிக்காரன், சுழியே இல்லாத ‘ந’ என்று மூன்று பேருக்கும் ஒரே குரல் எதற்கு என்று வாத்தியாரிடம் சண்டை போட்டார். இருந்தாலும் பத்து மாதத்தில் லாரியின் முதுகில் எழுதியிருப்பதைச் சத்தம் போட்டுப் படித்தார். அது மச்சானின் லாரி. மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"எழுத்துக் கூட்டத் தெரிஞ்சா படிச்சவனா மாப்ள? போர்டு படிக்கிறவனெல்லாம் படிச்சவன்னா கண்டக்டருங்கதான் பெரிய புலவருங்க. ஒரு முழுப் பொஸ்தகம் படிச்சிட்டு வா, அப்பறம் பேசு."

டீ வேளை. கிடங்கே கேட்டுக்கொண்டிருந்தது. மிஷின்காரருக்குச் சுருக்கென்றது. "ஒண்ணு என்ன மச்சான், மாசத்துக்கு ஒண்ணு படிக்கிறேன். வருஷத்துக்குப் பன்னெண்டு. படிக்கலேன்னா இந்த மீசைய எடுத்துடறேன்."

"நீ படிச்சிட்டா நான் என் மீசைய எடுக்கறேன்" என்றார் மச்சான், வாரத்துக்கு ஒருமுறை மை பூசுகிற தன் மீசையைத் தடவிக்கொண்டு. எடைமேடைக்காரர் நடுவர். முள் நடுவில் நின்றால் ஒழிய வாய் திறக்காத மனிதர். அதனால் இரு பக்கமும் ஒப்புக்கொண்டது. அட்டையக்கா மட்டும், "யாரு தோத்தாலும் எனக்கு நல்லதுதான். ஒண்ணு கூடப் பொறந்தது, ஒண்ணு கட்டிக்கிட்டது, ரெண்டும் கரடி மாதிரி இருக்கு" என்றாள்.

இப்போது வருஷத்தின் கடைசி நாள். கணக்கைத் தீர்க்கும் டீ வேளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மிஷின்காரர் அமுக்குப் பலகையை இறக்கிவிட்டு, போன பன்னிரண்டு மாதத்தைத் திரும்பிப் பார்த்தார்.

முதல் மாதம் படித்தது பல்லைப் பற்றி. முப்பத்திரண்டு பக்கம்தான், பல்லுக்கு ஒரு பக்கம் வீதம் என்று மச்சான் கேலி செய்தார். ஆனால் அதற்குப் பிறகு டீ குடித்தவர்களையெல்லாம் வாய் கொப்பளிக்கச் சொல்லி இவர் படுத்திய பாட்டில் மச்சானே ஒளிந்து குடித்தார். மூன்றாவது, பனி பெய்கிற ஏதோ தேசத்தில் ஒருத்தர் நடந்துபோன கதை. வெயில் கொளுத்துகிற மாதத்தில் இவர் போர்வை கேட்டார். ஐந்தாவது, வாடகை வீட்டுச் சட்டம். அதில் ஒரு பத்தியை மனப்பாடம் செய்து, வீட்டுக்காரர் முன்னால் நின்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். நாலு வருஷமாக ஒழுகிய குழாயை வீட்டுக்காரர் மறுநாளே சரி செய்தார். எட்டாவது கவிதை. பாதி வரியிலேயே வரி நின்றுவிடுவதைப் பார்த்து, "இவ்வளவு வெள்ளைத்தாள மிச்சம் விட்டிருக்கானே, வசதியான ஆளாத்தான் இருப்பான்" என்று தொழில்காரராக வருத்தப்பட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், மாலையில் மனைவி கைகால் கழுவி வரும் வரையும், கட்டுகளின் மேல் உட்கார்ந்து விரலை வரிக்கு அடியில் ஓட்டிப் படித்தார். எல்லாம் அட்டை உரித்த உடம்புகள். சாக்குத் தைக்கும் சணலால் கட்டி வைத்துக்கொள்வார், படித்து முடித்ததும் அமுக்கிவிடுவார்.

ஏழாவதை மட்டும் அமுக்க மனசு வரவில்லை. நாலு நாள் வைத்திருந்து, பிறகுதான் தொட்டியில் போட்டார். அது ஒரு பெண்ணின் கதை. பெரிய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, மாமியாரும் நாத்தனார்களும் படுத்துகிற பாட்டில், ஒரு மழை நாளில் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். வாசலில் யாரோ வந்து நிற்கிற சத்தம். தாழ்ப்பாள் மேல் கை வைக்கிறாள். அதைப் படித்த நாளில் அவர் மனைவி மூன்று முறை கூப்பிட்டும் கேட்கவில்லை.

டீ வந்தது. மிஷின் சத்தமெல்லாம் நின்றது. மச்சான் லாரிப் படியில் உட்கார்ந்து தொடங்கினார்.

"சரி மாப்ள, பன்னெண்டு பேரையும் சொல்லு."

"எந்தப் பேரு?"

"பொஸ்தகத்தோட பேரு. படிச்சவன் மொதல்ல அதத்தான் சொல்லுவான்."

பன்னிரண்டும் பெயர் போன பிறகு கைக்கு வந்தவை என்பது மிஷின்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. "பேரு தெரியாது மச்சான்."

"ஒண்ணுக்குமா?"

"ஒண்ணுக்கும்."

மச்சான் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. "கேட்டீங்களாய்யா! பேரு தெரியாமயே பன்னெண்டு மாசம் குடித்தனம் நடத்தியிருக்காரு!"

"அண்ணே, சிரிச்சது போதும், மூஞ்சியத் தொடை" என்றாள் அட்டையக்கா, பலகையிலிருந்து எழுந்து. "உரிச்சவ நானு. பேரு வேணும்னா என்னக் கேளு." கை நகத்தில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டே பள்ளிக்கூடத்தில் வருகை கூப்பிடுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த மாதம், என்ன பெயர், அட்டை என்ன நிறம், எல்லாம். ஏழாவது ‘ஈரத் தாழ்ப்பாள்’, ஊதா அட்டை. மிஷின்காரர் வாய் பிளந்து கேட்டார். ஒரு வருஷம் கூடவே இருந்தவர்களின் பெயரை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறார்.

"இது என்ன நியாயம்?" என்று குதித்தார் மச்சான். "பேரு இவளுக்குத் தெரியும், கதை அவருக்குத் தெரியும். அப்ப படிச்சது யாரு?"

எடைக்காரர் வாய் திறந்தார். "அட்டையும் தாளும் சேந்தாத்தான்யா பொஸ்தகம். செல்லும். கதையச் சொல்லட்டும்."

சொன்னார். பல், பனி, வாடகை எல்லாம் சுருக்கமாகப் போயின. ஏழாவதுக்கு வந்ததும் குரல் இறங்கியது. மாமியார் அடுப்படியைப் பூட்டியதைச் சொன்னபோது பெண்கள் டீயை மறந்தார்கள். மழையைச் சொன்னார். பெட்டியைச் சொன்னார். தாழ்ப்பாளில் கை வைத்ததைச் சொன்னார்.

"தெறந்தாளா?" என்றார் மச்சான், தன்னை மறந்து.

"அத நேரடியாச் சொல்லல மச்சான். அங்கதான் எழுதினவன் திறமை. மழையில நனைஞ்சதுல அவளுக்கு இருமல், மூக்குல தண்ணி. ‘கண்டதும் தனியே பிரித்து அடைக்க வேண்டும்’னு அந்த வீட்டுல முடிவு பண்றாங்க. அடைச்சுடறாங்க. தீனியக் குறைக்கறாங்க."

"பாவிங்க" என்றாள் ஒருத்தி.

"அதுக்கு மேல அவளப் பத்திப் பேச்சே இல்ல. அவ வளத்த கோழிங்களப் பத்தித்தான். பக்கம் பக்கமா கோழி. அதுங்களுக்கு இறகு கொட்டுறது, காலுக்கு வளையம் போடறது... மனுஷி பட்ட பாட்டச் சொல்ல மனசு தாங்காம கோழி மேல வச்சுச் சொல்றான். நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன். கடைசி வரி இருக்கே: ‘முறையாகப் பராமரித்தால் இழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.’ படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எடைக்காரர் மட்டும் கிளாஸைக் கீழே வைத்தார். "அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ சொல்லு."

சொன்னார்.

"அது எங்க வீட்டுல இருக்குய்யா. முப்பது கோழி வச்சிருக்கேன். பொஸ்தகம் வாங்கி வச்சுத்தான் வளக்கறேன். அதுல கடைசி வரி அதான். இருமல், மூக்குல தண்ணி, தனியா அடைக்கறது, எல்லாம் கோழிச் சீக்கு."

அட்டையக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ! அன்னிக்கு ரெண்டு அட்டை உரிச்சேன். ஊதா ஒண்ணு, சேவல் படம் போட்டது ஒண்ணு. ரெண்டும் ஒரே அளவு. இழுத்த இழுப்புல ரெண்டுக்கும் முதுகு பிளந்துடுச்சு."

அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். மிஷின் விளிம்பில் நாலு பாதிகள் கிடந்தன. ஒரே மஞ்சள் தாள், ஒரே அளவு எழுத்து. இரண்டுமே தொண்ணூற்றாறாம் பக்கத்தில் பிளந்திருந்தன. இவர் பக்க எண்ணைச் சரிபார்க்கிற கெட்டிக்காரர். தொண்ணூற்றாறுக்குப் பிறகு தொண்ணூற்றேழு வருகிறதா என்று பார்த்து, வருகிறது என்று சணலால் கட்டிவிட்டார். மிச்ச இரண்டு பாதிகளையும் தொட்டியில் போட்டுப் பலகையை இறக்கிவிட்டார்.

கிடங்கே விழுந்து விழுந்து சிரித்தது. ‘பாவிங்க’ என்றவள்தான் அதிகம் சிரித்தாள். மச்சான் லாரிப் படியில் எழுந்து நின்றார். "பதினொண்ணு! பதினொண்ணுதான்! மீசைய எடு மாப்ள!"

"அதெப்படி அண்ணே? இதுல பாதி, அதுல பாதி. சேத்தா ஒண்ணு" என்றாள் அட்டையக்கா. அட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ரெண்டு பாதி சேந்தா ஒண்ணா? அர ஆடும் அர மாடும் சேந்தா ஒரு மிருகமா?"

எல்லோரும் எடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் வெகுநேரம் யோசித்தார். முள் அங்கும் இங்கும் ஆடி, கடைசியில் நின்றது. "எடையில போட்டா அது ஒரு பொஸ்தகந்தான். நூத்துத் தொண்ணூத்திரண்டு பக்கம், ஒண்ணு விடாம படிச்சிருக்கான். பன்னெண்டுன்னே வச்சுக்கலாம். லாரிக்காரரே, உம்ம மீசையத்தான் எடுக்கணும்."

பெண்கள் கை தட்டினார்கள். மச்சானின் கை தானாக மீசைக்குப் போனது. மை பூசிய இடம் வெளுத்தது போலிருந்தது. அட்டையக்கா புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள்.

மிஷின்காரர் ஏதோ எண்ணுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். பிறகு, "இல்ல" என்றார்.

"என்ன இல்ல?"

"பன்னெண்டு இல்ல. அந்தப் பொண்ணு கதவத் தெறந்தாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. வெளிய நின்னது யாருன்னும் தெரியாது. அப்பறம் எப்படி அதப் படிச்சேன்னு சொல்றது?"

"யோவ், நடுவரே சொல்லிட்டாருய்யா!" என்று எடைக்காரரின் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அவரு எடையச் சொன்னாரு. படிச்சேன்னு நாந்தானே சொல்லணும். படிக்காதத படிச்சேன்னு சொல்ற ஆளு நான் இல்ல."

அதை அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. ஆனால் மச்சான் படியிலிருந்து இறங்கி, லாரிச் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது. "விடு மாப்ள" என்றார் சக்கரத்தைப் பார்த்தே. "பந்தயமெல்லாம் சும்மா ஒரு இதுக்கு. ரெண்டு பேரும் மீசைய வச்சுக்குவோம்."

"வாய் விட்ட வார்த்தை மச்சான்."

"வாய்க்கு வந்த சோத்தத் தட்டி விடறதுல இவர அடிச்சுக்க ஆளே கிடையாது" என்று அட்டையக்கா பலகையில் பொத்தென்று உட்கார்ந்து, கையில் கிடைத்த புத்தகத்தை இரண்டு இழுப்பு இழுத்தாள். வழக்கமாக ஒன்றே போதும்.

சலூனில் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. முப்பது வருஷ மீசை போன இடம் வெள்ளையாக, படத்தைக் கழற்றிய சுவர் போலத் தெரிந்தது. வீட்டுக்கு வந்த மகள், "அப்பா எங்க?" என்று அவரிடமே கேட்கப்போய் நிறுத்திக்கொண்டாள். மனைவி இரண்டு நாள் கோபமாக இருந்தாள். மூன்றாம் நாள் அவர் முகத்தை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்து, "இவ்வளவு நாளா இந்த உதட்ட எங்க வச்சிருந்தீங்க?" என்றாள்.

அந்த வார விடுமுறையில் அவர் நூலகத்துக்குப் போனார். வருஷம் முழுக்க அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறார். உள்ளே போனால் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று பயம். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்கத்தான் செய்தாள்: "என்ன புத்தகம்?"

"ஈரத் தாழ்ப்பாள்" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகத்தைப் பெயர் சொல்லிக் கேட்டார்.

அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "இருந்துச்சு. போன வருஷம் நடுவுல கழிச்சுட்டோம். பைண்டிங் போயிருச்சு. பழைய பேப்பருக்குப் போட்டாச்சே."

"எந்தக் கிடங்குக்கும்மா?"

அவள் சொன்னாள். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பலகையை இறக்குகிற நெம்புகோலைப் பிடித்துக் காய்த்துப்போன கை. "சரிதான்" என்றார்.

"இருங்க, வேற கிளையில கேக்கறேன்." போனில் பேசிவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணு இருக்காம். யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. பதினஞ்சு நாள்ல வரும். உங்க பேர எழுதி வைக்கட்டுமா?"

எழுதி வைக்கச் சொன்னார். எழுதியதை ஒருமுறை தலைகீழாக எட்டிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் மச்சான் உட்கார்ந்திருந்தார். விடுமுறை நாளில் வருகிற ஆள் இல்லை. லாரி ரிப்பேர், டயர் விலை, முதலாளியின் சிடுசிடுப்பு என்று அரைமணி நேரம் பேசினார். தங்கை கொடுத்த டீயைக் குடித்தார். யாரும் சொல்லாமலே வாய் கொப்பளித்தார். செருப்பு மாட்டும்போதுதான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பொண்ணு... கதவத் தெறந்தா யாராம்?"

"தெரியல மச்சான். பதினஞ்சு நாளாகும். பொஸ்தகம் வெளிய போயிருக்கு."

"பதினஞ்சு நாளா?" மச்சானின் முகம் தொங்கிவிட்டது. "புருஷனா இருக்குமோ?"

"புருஷன்தான் முப்பதாம் பக்கத்துலயே வெளியூரு போயிட்டானே."

"அதான் நானும் நினைச்சேன். அப்ப அவ அண்ணனா இருக்கும். கூட்டிட்டுப் போக வந்திருப்பான்." கொஞ்சம் யோசித்தார். "இல்ல மாப்ள, அவனா இருக்காது. அவன் நல்லவனா இருந்தா அந்த வீட்டுல கட்டிக் குடுத்திருக்கவே மாட்டான்."

"வந்ததும் நீங்களே எடுத்துப் படிங்களேன் மச்சான்."

"எனக்கு எங்க நேரம்? நீயே படி." வாசல்வரை போனவர் திரும்பினார். "முழுசா படிச்சிட்டுச் சொல்லு. பக்கத்த எண்ணிப் பாத்துட்டுப் படி, என்ன?"